சுவரில் தொங்கும் சான்றிதழ்



கல்வியின் சிறப்பைப் பற்றி மதரஸா வகுப்புகளிலும் மீலாது மேடைகளிலும் பேசிப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கல்வி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது நாங்கள் எவ்வாறு தடுமாறினோம் என்பதை இங்கே மறைக்காமல் எழுத விரும்புகிறோம். தவறு எங்கள் இல்லத்தார் அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் அதில் பெரும்பங்கு, பிள்ளைகளுக்கு நன்மை தீமையைப் போதிக்கும் பொறுப்பிலிருப்பவருக்கே உரியது. படிப்பவர்களுள் யாரேனும் ஒருவருக்கு இது பயன்பட்டால் போதும்.

அந்த ரமளான்

தாமிரபரணிக்குத் தெற்கே, பாளையங்கால்வாய் ஊடறுத்துச் செல்லும் மேலப்பாளையத்தில் எங்கள் வீடு. 2022ஆம் ஆண்டு ரமளானில் எங்கள் உம்மாவுக்கு வயது 68. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதற்கு முன் ஒரு ரமளானிலும் நோன்பை விட்டவர் அல்லர். விடச் சொல்லும் துணிவு எங்களுக்கும் இருந்ததில்லை.

அவ்வாண்டு ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு கால் மரத்துப்போகிறது என்று வேறொரு மருத்துவரிடம் உம்மாவை அழைத்துச் சென்றோம். வழக்கமான மாத்திரைகளின் விவரம் எழுதிய சீட்டை நாங்கள் எடுத்துச் செல்லவில்லை. அவர் புதிதாகச் சில மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். மாதந்தோறும் மருந்து வாங்கும் அதே கடையில்தான் அவற்றையும் வாங்கினோம். கடையில் இருந்த இளைஞர் சீட்டைப் பார்த்தார், அட்டைகளை எடுத்துக் காகித உறையில் போட்டார், பணத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிடங்களில் வேலை முடிந்தது. உம்மா பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் ஸஹர் நேரத்தில் சேர்த்தே உட்கொண்டு வந்தார்.

ஆறாம் நோன்பன்று அஸருக்குப் பிறகு உம்மாவுக்கு உடல் வியர்த்தது. கைகள் நடுங்கின. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை வந்தது. நோன்பின் களைப்பு என்று எண்ணிக் கட்டிலில் கிடத்தி விசிறினோம். மஃக்ரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் என்று ஆறுதல் கூறினோம். எங்கள் சகோதரியின் மகள் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று பதறினாள். நோன்பு முறிந்துவிடுமே என்று அவளைத் தடுத்தவர்கள் நாங்கள்தாம். சிறிது நேரத்தில் உம்மாவுக்கு நினைவு தப்பியது.

ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டு சேர்த்தபோது இரத்தத்தில் சர்க்கரையின் அளவு 38 இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் உம்மா கண் திறந்தார். ஆனால் உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. உட்கொண்ட மருந்தின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் உடலில் நிற்கும், சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும் என்று கூறி இரண்டு இரவுகள் வைத்திருந்தார்கள்.

அந்த முதல் இரவில்தான் சகோதரியின் மகள் வீட்டிலிருந்து மருந்து உறையைக் கொண்டு வந்தாள். அவள் அப்போது பி.பார்ம் இறுதியாண்டு மாணவி. இரு அட்டைகளையும் திருப்பி, கைப்பேசி வெளிச்சத்தில் பொடி எழுத்துகளைக் காட்டினாள். பெரிய எழுத்தில் இருந்த வணிகப் பெயர்கள் வேறு வேறு. கீழே இருந்த மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்றே: கிளிமிபிரைடு. ஒன்றில் அது தனியாக இருந்தது, மற்றொன்றில் மெட்ஃபார்மினுடன் கலந்திருந்தது. உணவு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து அது. பகல் முழுவதும் பட்டினியாயிருக்கும் ஒரு முதியவருக்கு அது இரட்டிப்பாகப் போயிருந்தது.

“மாமா, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அட்டையைத் திருப்பிப் பார்க்கும் ஒருவர் கடையில் இருந்தால் போதும்” என்றாள் அவள்.

அந்தக் கடையின் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்குவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறோம். அதில் இருந்த பெயருக்குரியவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கவில்லையே என்று எண்ணியதும் இல்லை.

எங்களிடம் வந்த கேள்வி

சில மாதங்கள் கழிந்தன. சகோதரியின் மகள் பி.பார்ம் தேறி, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் மருந்தாளுநராகப் பெயரைப் பதிவு செய்துகொண்டாள். மேற்கொண்டு பார்ம்.டி படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். வீட்டின் நிலைமையோ வேறு. மச்சான் கொரோனாவின்போது சவூதியில் வேலையிழந்து திரும்பியிருந்தார். பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு வயது 22 ஆகிவிட்டது, இதற்கு மேலும் மூன்று ஆண்டுகளா என்று சகோதரி எங்களிடம் வந்து அழுதார்.

அச்சமயம் அறிமுகமான வணிகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். புதிதாக மருந்துக்கடை திறக்கவிருப்பதாகச் சொன்னார்.

“ஹஜ்ரத், பிள்ளை கடைக்கு வரவே வேண்டாம். வீட்டிலேயே கண்ணியமாக இருக்கட்டும். சான்றிதழை மட்டும் கொடுத்தால் போதும். மாதம் 8,000 ரூபாய் வீடு தேடி வரும். எல்லாரும் செய்வதுதான். மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்.”

உண்மையைச் சொல்கிறோம். எங்களுக்கு அது பெருந்தவறாகத் தோன்றவில்லை. பெண் பிள்ளை படியிறங்காமல் வருமானம் வருகிறது, கல்யாணச் செலவுக்கு உதவும் என்று மனம் கணக்குப் போட்டது. ‘பிழை இருப்பதாகத் தெரியவில்லை’ என்ற சொல் எங்கள் வாயிலிருந்தே வந்தது. திருமறையை ஓதிக் கொடுக்கும் வாய் அது.

திரைக்குப் பின்னால் இருந்த பிள்ளை, அவர் சென்ற பிறகு வந்து கேட்டாள்.

“மாமா, உம்மம்மாவுக்கு மருந்து கொடுத்த கடையிலும் ஒரு சான்றிதழ் தொங்கியது. அந்தப் பெயருக்குரியவர் வீட்டுக்கும் மாதம் தவறாமல் பணம் போயிருக்கும். அவர்களும் யாரேனும் ஒரு ஹஜ்ரத்திடம் கேட்டிருப்பார்களோ?”

எங்களிடம் விடை இருக்கவில்லை. அன்றிரவு துணைவியாரும் நாங்களும் உறங்கவில்லை.

சட்டமும் மார்க்கமும் சந்திக்கும் இடம்

அதன் பிறகே இந்தத் துறையைப் பற்றி நாங்கள் கேட்டும் படித்தும் அறியத் தொடங்கினோம். 1930ஆம் ஆண்டு கர்னல் சோப்ரா தலைமையில் அன்றைய அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழு, நாட்டில் விற்கப்படும் மருந்துகளுக்கும் அவற்றைக் கையாள்வோருக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1932இல் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கக் கல்விக்கு வித்திட்டார். பின்னர் 1940இல் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டமும், விடுதலைக்குப் பின் 1948இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன.

இச்சட்டங்களின் சாரம் எளியது. மருத்துவரின் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்து, பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரின் கையாலோ நேரடி மேற்பார்வையிலோ கொடுக்கப்பட வேண்டும். சுவரில் தொங்கும் சான்றிதழின் பொருள் ‘இங்கே ஒருவர் இருக்கிறார்’ என்பதுதான். 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு இன்னும் கடுமையான விதி உண்டு. சில வீரிய நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் ஆகியவை அதில் அடங்கும். அவற்றை விற்கும்போது எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

இப்போது மார்க்கத்தின் பக்கம் வருவோம். மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து அதனால் கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பெரும்பாவங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைக் குறிப்பிடும் இடத்தில் சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து அமர்ந்து, அதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. இந்த இரண்டையும் நாங்கள் மாணவர்களுக்குப் பல முறை விளக்கியிருக்கிறோம். இல்லாத இடத்தில் ‘இருக்கிறேன்’ என்று ஆண்டு முழுவதும் சுவரில் நின்று சொல்லும் காகிதம் பொய்ச் சாட்சி ஆகாதா என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முற்கால முஸ்லிம் நகரங்களில் சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரி மருந்துக் கடைகளையும் சோதித்து வந்தார். அவருடைய பணிக்கென எழுதப்பட்ட நூல்களில் ஷர்பத் காய்ச்சுவோருக்கும் மருந்து விற்போருக்கும் தனி அத்தியாயங்களே உண்டு. அறிஞர் அல்பீரூனி தம் முதுமையில் ‘கிதாபுஸ் ஸைதனா’ என்ற மருந்தியல் நூலை எழுதினார். ஒரே மருந்துப் பொருளுக்கு அரபு, பாரசீகம், கிரேக்கம், சுரியானி, இந்திய மொழிகள் எனப் பலவற்றில் வழங்கிய பெயர்களை அதில் தொகுத்தார். பெயர் மாறினால் பொருள் மாறிவிட்டதாக எண்ணி மக்கள் ஏமாறுவார்கள் என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் அவர். எங்கள் உம்மாவின் மருந்து உறையில் நேர்ந்ததும் அதுவேயன்றி வேறென்ன?

மறுநாள் அந்த வணிகரைச் சந்தித்து, நாங்கள் சொன்னது தவறு என்றும், சான்றிதழைத் தர இயலாது என்றும் தெரிவித்தோம். பிள்ளை வேலைக்கு வந்தால் உரிய சம்பளம் தருவீர்களா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வேறு எங்கோ ஒரு சான்றிதழ் அவருக்குக் கிடைத்தது என்று பின்னர் அறிந்தோம்.

மேற்படிப்பு என்றால் என்ன?

இதைப் படிக்கும் குடும்பங்களில் டி.பார்ம், பி.பார்ம் முடித்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் நாங்கள் அறிந்துகொண்ட வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

டி.பார்ம் என்பது இரண்டு ஆண்டுப் படிப்பும் 500 மணி நேரச் செயல்முறைப் பயிற்சியும் கொண்டது. அதை முடித்தவர் நான்காண்டு பி.பார்ம் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பணியில் இருக்கும் டி.பார்ம் மருந்தாளுநர்களுக்கென்று இந்திய பார்மசி கவுன்சில் 2014இல் வேறொரு வழியும் வகுத்தது. மருந்துக்கடையிலோ மருத்துவமனை மருந்தகத்திலோ நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர் இரண்டு ஆண்டுகளில் பி.பார்ம் (பிராக்டிஸ்) பட்டம் பெறலாம். ஆனால் இதை நடத்தும் கல்லூரிகள் மிகச் சில.

பி.பார்ம் முடித்தவருக்கு இரு பாதைகள். ஆராய்ச்சி, மருந்து உற்பத்தி, கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவற்றை நாடுவோர் இரண்டாண்டு எம்.பார்ம் செல்வார்கள். அதற்கு ஜிபேட் என்னும் தேசியத் தேர்வு உண்டு. நோயாளியின் அருகிலிருந்து பணியாற்ற விரும்புவோருக்கு 2008இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட பார்ம்.டி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து சென்றால் ஆறு ஆண்டுகள். பி.பார்ம் முடித்துச் சென்றால் நேரே நான்காம் ஆண்டில் சேர்ந்து, இரண்டு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம். குறைந்தது 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையுடன் இணைந்த கல்லூரிக்கே இந்தப் படிப்பை நடத்த அனுமதி உண்டு. பயிற்சி ஆண்டில் ஆறு மாதங்கள் பொது மருத்துவத்திலும், மேலும் மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதங்களும் நோயாளிகளுடனேயே கழியும்.

ஓர் எச்சரிக்கை. இவற்றில் எதுவும் அஞ்சல் வழியில் பெறும் பட்டம் அன்று. வீட்டிலிருந்தே பட்டம் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்க வேண்டாம். சேருமுன் அக்கல்லூரிக்கும் அப்படிப்புக்கும் இந்திய பார்மசி கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்பதை அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டம் வேண்டாம் என்போருக்கும் கல்வி முடிந்துவிடுவதில்லை. மருந்தாளுநர் பதிவைத் தொடர, ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. கையெழுத்திட்டுவிட்டு மதிய உணவுக்குப் பின் வீடு திரும்புவதும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். புதிய மருந்துகள் வந்துகொண்டே இருக்கும் துறையில் ஐந்தாண்டுகளுக்கு இரண்டே நாட்கள் என்பது அதிகம் அன்று. அந்த நாட்களை முழுமையாகக் கொடுப்பதும் அமானிதமே.

நாங்கள் படித்தபோது

இவ்வளவையும் அறிந்த பிறகும் எங்கள் தயக்கம் முற்றிலும் தீரவில்லை. வெளியூர் விடுதி, மூன்று ஆண்டுகள், பேசிய சம்பந்தம் என்று காரணங்களை அடுக்கினோம். ஒருநாள் துணைவியார் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து எங்கள் முன் வைத்தார். எங்களுடைய இஸ்லாமியக் கல்விப் பட்டயச் சான்றிதழ் அதற்குள் இருந்தது.

அந்தப் பட்டயத்தைப் பெற்றபோது எங்களுக்கு வயது 36. பகலில் மதரஸா, மாலையில் மக்தப், இரவில் பாடநூல்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளின் படிப்பையும் வீட்டின் செலவையும் தனியே இழுத்துப் பிடித்தவர் துணைவியார். தேர்வுக் கட்டணத்துக்குத் தம் காதணியை அடகு வைக்காமல் விற்றே கொடுத்தார். ஊரில் ஒருவரும் ‘இந்த வயதில் எதற்கு?’ என்று கேட்கவில்லை. பெருமையாகவே பேசினார்கள்.

“உங்களுக்கு 36 வயதில் நன்மையாக இருந்த கல்வி, அவளுக்கு 22 வயதில் மட்டும் எப்படிச் சுமையாகும்?” என்று கேட்டார் துணைவியார்.

கல்வியை அதிகப்படுத்தித் தருமாறு இறைவனிடம் கேட்கும்படி நபி (ஸல்) அவர்களுக்கே திருமறை கற்றுக் கொடுக்கிறது. அதில் வயது வரம்பும் இல்லை, ஆண் பெண் என்ற வேறுபாடும் இல்லை. இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள். அதை எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்க, விற்றுப்போன ஒரு காதணியை நினைவூட்ட வேண்டியிருந்தது.

பணத்துக்கு வழி தேடினோம். கட்டணம் எங்கள் ஓராண்டு ஊதியத்தை விஞ்சியது. டாம்கோ வழியாகச் சிறுபான்மையினருக்குக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் கிடைக்கிறது. வட்டி எவ்வளவு குறைவானாலும் அதில் கைவைக்க மச்சானுக்கு மனம் ஒப்பவில்லை. அவரை நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டோம். கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் கொடுத்துப் பழகிய நிர்வாகிகள், ஒரு பெண்ணின் மேற்படிப்புக்கு என்றதும் சிறிது யோசித்தார்கள். எங்கள் உம்மா பிழைத்த கதையைச் சொன்னோம். முதலாண்டுக் கட்டணத்தில் பாதியைத் தந்தார்கள். மீதிக்குச் சகோதரியின் வளையல்களும் மச்சானின் சேமிப்பும் போயின. சம்பந்தம் பேசிய வீட்டார் காத்திருக்க இயலாது என்று விலகிக்கொண்டார்கள். அவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. சகோதரிக்கு மட்டும் அந்த வருத்தம் இன்னும் முழுமையாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மருந்துப் பையுடன் வந்தவர்கள்

2025 ரமளானுக்கு முன், பொங்கல் விடுமுறையில் பிள்ளை ஊருக்கு வந்திருந்தாள். சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தைச் சீரமைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக நீரிழிவு நோய்க் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் கூறுகிறதாம். அதற்குச் சரியான நேரம் இதுதான் என்று சொல்லி, மதரஸாவில் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடத்த அனுமதி கேட்டாள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வருமாறு அறிவித்தோம்.

நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். பீடி சுற்றுவோர், தையல் வேலை செய்வோர், பேரப்பிள்ளையை இடுப்பில் சுமந்த முதியவர்கள் எனப் பலரும் இருந்தனர். பைகளிலிருந்து வெளிவந்தவற்றைத் துணைவியார் எங்களிடம் பின்னர் விவரித்தார். காலாவதியான மாத்திரைகள். பாதியில் நிறுத்திய நுண்ணுயிர்க்கொல்லிகள், அண்டை வீட்டாருக்கும் அதே காய்ச்சல் என்று பகிர்ந்துகொள்ள மீதம் வைத்திருந்தவை. துபாயிலிருந்து மகன் அனுப்பிய வலி மாத்திரைகள். பொதிகை மூலிகை என்று சொல்லி யாரோ விற்ற, பெயரோ உற்பத்தியாளர் முகவரியோ இல்லாத சூரணப் பொட்டலங்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கும்போது பெயரில்லாத பொட்டலத்தை ஏன் நம்ப வேண்டும் என்று பிள்ளை கேட்டிருக்கிறாள். மூன்று பேரின் பைகளில், எங்கள் உம்மாவுக்கு நேர்ந்ததைப் போலவே, ஒரே மருந்து இரு பெயர்களில் இருந்தது.

எந்த மருந்தையும் அவள் தானாக நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்து, ஐயமுள்ள இடத்தில் வட்டமிட்டு, இதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அனுப்பினாள். மருத்துவரின் இடத்தை எடுத்துக்கொள்வது மருந்தாளுநரின் வேலை அன்று, மருத்துவரின் கண்ணுக்குத் தப்பியதை அவரிடம் கொண்டு சேர்ப்பதே வேலை என்பது அவள் கற்ற பாடம்.

அன்று அவள் சொன்ன சிலவற்றை உங்கள் வீடுகளுக்காகவும் எழுதுகிறோம். மருந்தின் வணிகப் பெயரோடு உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் கேட்டு அறியுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் மருந்துப் பட்டியலைக் கையில் கொண்டு செல்லுங்கள். கடையில் மருந்தாளுநர் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று, அது உங்கள் உரிமை. நோன்பிருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை உடனே விட வேண்டும். விரலில் ஊசி குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் கருத்து. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவு செய்யவும், இயலாதவர் பரிகாரம் கொடுக்கவும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. இறைவன் அளித்த சலுகையை ஏற்பதும் இபாதத்தே என்று இறுதியில் நாங்கள் திரைக்கு இப்பாலிருந்து பேசினோம். அதைச் சொல்லும்போது, விசிறியுடன் நின்ற அந்த அஸர் நேரம் நினைவுக்கு வந்து எங்கள் குரல் தடைப்பட்டது.

இன்று

பிள்ளை இப்போது உள்ளுறைப் பயிற்சியின் கடைசி மாதங்களில் இருக்கிறாள். பைத்துல்மால் கடனில் பெரும்பகுதி இன்னும் அடைபடவில்லை. மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறோம். படித்து முடித்ததும் எங்கே வேலை, என்ன சம்பளம் என்பதற்கு அவளிடமும் உறுதியான விடை இல்லை. மருத்துவமனைகளில் இப்பணிக்கு இன்னும் போதிய இடங்கள் உருவாகவில்லை என்று அவளே சொல்கிறாள். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தபோது, டி.பார்ம், பி.பார்ம் முடித்தோர் மானியத்துடன் கடை நடத்த வாய்ப்பளித்தது. ஊரிலேயே அப்படியொரு கடை வைத்து, தானே அதில் அமர்ந்திருக்கலாம் என்ற எண்ணமும் அவளுக்கு உண்டு. இன்ஷா அல்லாஹ், நன்மையானதை அவன் நாடுவான்.

எங்கள் உம்மா நலமாக இருக்கிறார். இப்போது புதிய மாத்திரை எது வந்தாலும் உறையைப் பிரிக்குமுன் பேத்திக்குக் கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்கிறார். அவள் பார்த்துச் சொன்ன பிறகே பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்குகிறார்.

சகோதரர்களே! உங்கள் வீட்டில் ஒரு மருந்தாளுநரின் சான்றிதழ் இருந்து, அவர் இல்லாத ஒரு கடையின் சுவரில் அது தொங்குமானால், அதை இன்றே கழற்றி வாருங்கள். அந்த மாத வருமானம் யாரோ ஒரு தாயின் உயிரைப் பணயமாக வைத்து வருவது. ‘எல்லாரும் செய்வதுதான்’ என்ற சொல் மறுமையில் நமக்கு விடையாகாது. உங்கள் பிள்ளை மேலும் படிக்கக் கேட்டால், எங்களைப் போல் மூன்று மாதங்கள் தடுமாறாதீர்கள். கடை நடத்தும் நம் வணிகர்களே! மருந்தாளுநருக்குக் கொடுக்கும் நியாயமான சம்பளத்தை வீண் செலவாக எண்ணாதீர்கள். ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பானது என்று நம் மறை கூறுகிறது.

அறியாமல் நாங்கள் சொன்ன தவறான சொல்லை அல்லாஹ் மன்னிப்பானாக. அறிந்ததைக் கொண்டு செயல்படும் வாய்ப்பை நம் அனைவருக்கும் தருவானாக. நோயுற்றோருக்கு நலத்தையும், அவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் கைகளுக்கு அறிவையும் அச்சத்தையும் அருள்வானாக. ஆமீன்.